மொட்டையூரணியின் நிழல் முறை

மொட்டையூரணியில் நாங்கள் நிழலுக்கு முறை வைத்திருந்தோம். மற்ற ஊர்களில் கண்மாய்த் தண்ணீருக்கு இன்று கீழ மடை, நாளை மேல மடை என்று வைப்பார்களே, அதே மாதிரி எங்கள் ஊரில் இன்று கீழத்தெரு, நாளை நடுத்தெரு, மறுநாள் மேலத்தெரு என்று நிழல் போகும். நிழலுக்குச் சொந்தமான ஆலமரம் ஒரு சாண் உயரம்தான், சாப்பாட்டுத் தட்டு அளவு தொட்டியில் நிற்கும். கண்மாய் மடையைத் திறந்து அடைக்கிற நீர்பாய்ச்சி பேச்சிமுத்து சின்னய்யா அதைத் தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார், அவரைச் சுற்றி ஒரு பெரிய ஆலமரத்தின் நிழல், ஆடு மாடு கோழி பிள்ளைகள் எல்லாவற்றையும் அடியில் போட்டுக்கொண்டு, தெருத்தெருவாக நடந்து போகும்.

மரம் சந்தனமாரி மைனியுடையது. என் வீட்டுக்காரருக்கு அக்கா. மலைப்பக்கம் ஒரு நர்சரியில் போன்சாய் என்கிற குட்டைத் தொட்டி மரங்களுக்குக் கம்பி சுற்றும் வேலையில் பல வருஷம் இருந்தவள், புருஷன் இன்னொருத்தியோடு போனபிறகு ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் ஈரச்சாக்கில் சுற்றிய ஆலங்கன்றுமாகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். நாலுவழிச் சாலைக்காக எங்கள் பக்கத்து மரங்களை எல்லாம் வேரோடு சாய்த்து முடித்திருந்த சமயம் அது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையாக நிற்பார்களாம். கம்பம் அளவு ஒல்லியாக இருந்தால்தான் முழு நிழல் கிடைக்கும் என்று என் மாமியார் சொல்லிச் சிரிப்பார்.

மைனி மரத்தை வளர்த்த விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தண்டு விரல் கனம் வந்ததும் தலையை ஒரே வெட்டாக வெட்டுவாள். வெட்டின இடத்துக்குப் பக்கத்தில் வரும் கொழுந்தைப் புதுத் தலையாக்குவாள், அது கனத்ததும் அதையும் வெட்டுவாள். இப்படி வெட்டி வெட்டித்தான் அடி பருத்து நுனி சிறுத்துக் கிழட்டு மரத்தின் களை வரும் என்பாள். கிளையில் செப்புக் கம்பியைச் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாகக் கீழே வளைப்பாள், இளசுக் கிளைதான் மேலே பார்க்கும், வயசான கிளை பாரத்தில் தாழ்ந்துதான் இருக்கும் என்பாள். பட்டைக்குள் கம்பி புதையுமுன் கழற்றுவாள், கொஞ்சம் பொறுத்து வேறு இடத்தில் சுற்றுவாள். கோடைக்கு முன்னால் இலைகளை எல்லாம் கழித்துவிடுவாள், அடுத்து வருகிற இலை இன்னும் சிறிசாக வரும். சில வருஷத்துக்கு ஒருதரம் மரத்தைத் தொட்டியிலிருந்து பெயர்த்து, பிள்ளைக்குப் பேன் பார்ப்பதுபோல மடியில் போட்டு, வேரைக் குச்சியால் சிக்கெடுத்து, தடித்ததை நறுக்கி, மெலிசை விட்டு, மறுபடியும் நடுவாள். வெட்டும்போது மட்டும் வாயில் வெற்றிலை இருக்காது. யாராவது கூப்பிட்டாலும் கேட்காது.

மைனி வெட்டினதெல்லாம் நிழலில் போய்ச் சேர்ந்தது. ஒரு வேரை வெட்டினால் நிழல் ஒரு வீடு தாண்டும், ஒரு கிளையைக் கிள்ளினால் நிழல் ஒரு கொட்டில் தாண்டும், இலையைக் கழித்த வாரத்தில் நிழல் கருகருவென்று அடர்ந்து தரையில் எறும்பு ஊர்வது தெரியாது. நான் கல்யாணமாகி வந்தபோது அது எங்கள் முற்றத்தைத் தாண்டி எதிர்வீட்டுக் கோழிக்கூடு வரை போயிருந்தது. முதல் நாள் பால் பழம் சாப்பிட்டது அந்த நிழலில்தான். எங்கே மரம் என்று அண்ணாந்து தேடினேன். என் வீட்டுக்காரர் அம்மியின் மேல் இருந்த தொட்டியைக் கையால் காட்டினார். ஓஹோ என்றேன். கல்யாண வீட்டில் வேறு என்ன சொல்ல?

எதிர்வீட்டில்தான் முதல் சண்டை. "எங்க வத்தல் ஒண்ணு காயல, உங்க மரத்த அங்கிட்டுத் தூக்கி வைங்க" என்றார்கள். அடுத்த வீட்டில் "இங்கிட்டு வைங்க, அத்தைக்குப் படுக்க நெழலில்ல" என்றார்கள். கடைசியில் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூடி, கண்மாய்க்கு வைத்திருந்த முறையையே இதற்கும் வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. கண்மாயில் தண்ணீர் பார்த்து வருஷங்கள் ஆகி, மடைக் கதவு துருப்பிடித்து, வேலையில்லாமல் இருந்த பேச்சிமுத்து சின்னய்யாவிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் தொட்டியைத் தூக்க வருவார். மண்வெட்டி எதற்கு என்று கேட்டால், "நீர்பாய்ச்சி வெறுங்கையோட போலாமா தாயி?" என்பார்.

அப்புறம் எல்லாம் அதற்குத் தகுந்தபடி நடந்தது. வற்றல் போடுகிறவர்கள் முறை இல்லாத நாளில் போட்டார்கள். கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறவர்கள் ஜோசியரைப் பார்த்த கையோடு சின்னய்யாவையும் பார்த்தார்கள். பஸ் நிழலுக்குள் வந்து நின்றது, கண்டக்டர் ஊர் பெயரையே மறந்து "நெழலு எறங்கு, நெழலு எறங்கு" என்று கத்தினார். தகரக் கூரையில் வேகிற பள்ளிக்கூடத்தை விட்டு டீச்சர் பிள்ளைகளை நிழல் இருக்கிற தெருவுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். என் மகள் தன்ஷிகா பிறந்தது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் அடி வைத்தது எல்லாம் அந்த நிழலுக்குள்தான்.

மழை பொய்த்த ஒரு வருஷம், மேலத்தெருக் கடைசி வீடுகளுக்கு நிழல் எட்டவில்லை என்று ஊர் கூடியது. தலைவர் மைனியைக் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு வெட்டு வெட்டும்மா" என்றார்.

"மரம் மூச்சு வாங்கணும்ணே. ஒரு வருஷம் கத்தி படாம இருக்கட்டும்."

"வெட்ட வெட்டத்தான வளருது?"

"அதுக்குத்தான் பயப்படுதேன்" என்றாள் மைனி. ஊர் சிரித்தது. நானும்தான் சிரித்தேன், அவள் அதைச் சொன்ன விதம் அப்படி.

வெட்டினாள். நிழல் மேலத்தெருவைத் தாண்டிச் சுடுகாட்டுப் பாதை வரை போயிற்று. அந்த மாதமே மரத்தின் தாழ்ந்த கிளைகளில் நூல் நூலாக விழுது இறங்க ஆரம்பித்தது. எங்கள் வறண்ட காற்றில் தொட்டி ஆலுக்கு விழுது வரவே வராது, மைனி தன் வாழ்க்கை முழுவதும் அதற்குத்தான் காத்திருந்தாள். ஒவ்வொரு நூலுக்கும் ஜூஸ் குடிக்கிற குழலை மாட்டி, ஈரத் துணி சுற்றி, தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மேலே நூல், தரையில் தூண். நிழலில் அந்த விழுதுகள் ஒவ்வொன்றும் ஆள் கட்டிப்பிடிக்கிற கனத்தில் தொங்கின, சூரியன் நகர நகரத் தெருவைத் தடவிக்கொண்டே நகர்ந்தன.

முதல் விழுது தொட்டி மண்ணைத் தொட்டது ஓர் உச்சிப்பொழுது. நடுத்தெரு முறை, தொட்டி மந்தையில் இருந்தது. நூல் மண்ணைத் தொட்ட அந்த நொடியில் தரையில் இருந்த அதன் நிழல் எங்கே நின்றதோ அங்கேயே நின்றுவிட்டது. சூரியன் மேற்கே போன பிறகும் நகரவில்லை. நின்ற இடத்தில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. சாயங்காலம் கட்டிலை எடுக்கப் போனவர்கள் நாலு பேர் சேர்ந்து இழுத்தும் கால் அசையவில்லை. மறுநாள் சின்னய்யா சும்மாட்டோடு வந்து தொட்டியைத் தூக்கினார். மூச்சைப் பிடித்துத் தூக்கினார். தொட்டி அம்மிக்கல்லாகக் கிடந்தது.

"ஊனிக்கிச்சு" என்றாள் மைனி. குரலில் பெருமை இருந்தது, கண் மட்டும் இன்னும் மண்ணைத் தொடாத நூல்களை எண்ணியது.

முறை போயிற்று. இனி நிழல் யாரையும் தேடி வராது, நாம்தான் போக வேண்டும் என்று ஆனதும் ஊர் மந்தைக்கு நகர ஆரம்பித்தது. டீக்கடை வந்தது, ரேஷன் கடை வரிசை வந்தது, துணி தேய்க்கிறவர் வண்டி வந்தது, சமையலைக்கூடச் சிலர் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது விழுது ஒரு மொபெட்டைப் பிடித்தது. இனி திருட்டுப் போகாது என்று உடைமைக்காரர் சமாதானமானார். மூன்றாவது ஒரு வெள்ளாட்டைப் பிடித்தது. கயிறு மிச்சம் என்றார்கள். ஆடு தின்றது, அசை போட்டது, இடத்தை விட்டு மட்டும் நகரவில்லை. சினையாக இருந்த ஆடு. நாள் போய்க்கொண்டே இருந்தது, ஈனவில்லை. அதை யாரும் பெரிசாகப் பேசவில்லை.

நாலாவது விழுது சின்னய்யாவைப் பிடித்தது. மதியம் அசந்து உட்கார்ந்தவர் மடியில் மண்வெட்டியோடு அப்படியே இருந்தார்.

"என்ன சின்னய்யா, எந்திரிக்கலையா?" என்று கேட்டேன்.

"எந்திரிக்கத்தான் பாக்கேன் தாயி. காலு வரமாட்டேங்குது. வலி கிலி ஒண்ணுமில்ல. சரி விடு, காப்பித்தண்ணி கொண்டா."

அவர் மருமகள் முதலில் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாராயக் கடப்பக்கம் போயி விழுந்து கெடக்காம ஒரு எடத்துல இருக்காகளே, அது போதும்" என்றாள். நாலு கம்பு நட்டுச் சேலையால் மறைப்புக் கட்டினார்கள். மகன் வாளியில் தண்ணீர் மொண்டு அங்கேயே குளிப்பாட்டினான். முகம் மழிக்க வந்த அழகர் கத்தியைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப மடக்கினார். "போன மாசம் மழிச்ச மொகம் அப்படியே இருக்கு. நான் எதச் செரைக்க?" கொடுத்துவைத்த மனுஷன் என்றது ஊர். மைனி மட்டும் அவர் கையை எடுத்து, நகமும் வளராமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, மடியில் திரும்ப வைத்தாள். சின்னய்யா கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றை மறந்தார், தண்ணீர் மட்டும் கேட்டார். காலையில் கேட்ட கேள்விக்குச் சாயங்காலம் பதில் சொன்னார். அப்போதும் சிரித்த முகம்தான்.

இனி ஆளைப் பிடிக்கவிடக் கூடாது என்று ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. எந்த நூல் மண்ணுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறதோ அதன் நிழல் உச்சிக்கு எங்கே விழும் என்று பார்த்து, அங்கே ஒரு கல்லைப் போட்டு, ஆள் தெரிந்து விலகட்டும் என்று சுண்ணாம்பு அடித்து வைத்தார்கள். ஐந்தாவது விழுது சொன்னபடி கல்லைப் பிடித்தது. ஊரே நிம்மதியாக மூச்சுவிட்டது. ஆறாவதற்கும் கல் போட்டார்கள்.

பிள்ளைகள் கல்லா மண்ணா விளையாடுவார்கள் என்பதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. மண்ணில் நின்றால் பிடித்துவிடலாம், கல்லில் ஏறி நின்றால் தொடக் கூடாது, அதுதானே விளையாட்டு? மந்தையில் இருந்ததிலேயே நல்ல கல், பெரிய கல், வெள்ளைக் கல். துரத்திக்கொண்டு வந்தவளுக்குத் தப்பி என் மகள் அதில் தாவி ஏறி, இரண்டு கையையும் தூக்கி, "நான் கல்லு! நான் கல்லு!" என்று கத்தினாள். அந்த நேரத்தில் நூல் மண்ணைத் தொட்டது.

நான் சோற்றுத் தூக்கோடு போனபோது மற்றப் பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். தன்ஷிகா கல்லின் மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல் ஒன்று ஆட்டம் கண்டிருந்தது, அதை நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடுகிற வயசு.

"அம்மா, காலு வரல" என்றாள். "நான்தான் ஜெயிச்சேன்."

ஊர் எங்களை விட்டுவிடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். கல்லைச் சுற்றிப் பலகை அடித்துப் படுக்கை போட்டார்கள். டீச்சர் கரும்பலகையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். என் மாமியார் "வெயில்ல கருக்காம இருப்பா" என்றார், சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தினமும் கல்லைச் சுற்றித் தோண்டினார், மண் மறுநாள் தானாக மூடிக்கொண்டது. நான் சமைத்தேன், ஊட்டினேன், தலை பின்னினேன். பல் ஆடிக்கொண்டே இருந்தது. கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பல் விழுந்து, பொக்கைவாயாகச் சிரித்து, புதுப்பல் அரிசி மாதிரி எட்டிப் பார்த்துவிட்டது. இவளுக்கு அதே பல், அதே ஆட்டம். ஒரு நாள் நான் சோறு ஊட்டிக்கொண்டே "ருசியா இருக்காடி?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில், வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, "இருக்கும்மா" என்றாள்.

நான் நேரே மைனியிடம் போனேன். அவள் மரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"மைனி, தொட்டிய ஒடைக்கணும். மரத்த மண்ணுல எறக்கினாத்தான் நெழலு பிடிய விடும்."

"என் ஆயுசுடி அது."

"பெரிய ஆயுசா இருக்கட்டும் மைனி. எதுக்கு அதத் தட்டுல வச்சுக்கிட்டு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒடைச்சா என்ன ஆகும் தெரியுமா? இத்தன வருசம் வெட்டினதெல்லாம் திரும்பி வரும். நெழலு எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு மரம் வரும். நெழல் விழுது ஊனின எடத்துல நெச விழுது வந்து ஊனும். மந்தை போகும். நடுத்தெரு போகும். உன் வீடும்தான் போகும்."

"வீட்ட வேற எடத்துல கட்டிக்கிடலாம்."

"ஊரு விடாது."

"நான் ஊரக் கேக்கல, மைனி. உங்களக் கேக்கேன்."

அவள் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தேன். பட்டப்பகல், எல்லோரும் நிழலில்தான் இருந்தார்கள். தலைவர் எழுந்து வழியை மறித்தார்.

"ஒத்தப் பிள்ளைக்காக ஊரையே வெயில்ல போடுவியா பூங்கனி? அவ எங்க போயிட்டா? கண்ணு முன்னாடிதான இருக்கா!"

"ஆமாண்ணே. கண்ணு முன்னாடியேதான் இருப்பா. எங்க காலத்துக்கப்புறமும் இருப்பா. அதத்தான் நானும் சொல்லுதேன்."

வேறு யாரோ என் கையைப் பிடித்தார்கள். அப்போது மைனி தன் வெட்டுக்கத்திரியோடு எழுந்தாள். அவளே என்னைத் தடுத்துவிடுவாள் என்று நினைத்து ஊர் விலகி நின்றது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து, கிளையில் இருந்த கம்பிகளை ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுத்தாள். "கம்பியோட நட்டா வளரும்போது கழுத்த அறுக்கும்" என்றாள். எல்லாக் கம்பியும் மண்ணில் விழுந்ததும், கத்திரியைத் தூர எறிந்துவிட்டு, "போடு" என்றாள்.

போட்டேன். தொட்டி நாலாகப் பிளந்தது. அடியில் இருந்த மந்தை மண்ணை நான் குத்திக் கிளற, மைனி வேரை விரித்து இறக்கி, இரண்டு கையாலும் மண்ணை அணைத்தாள்.

நிழல் ஒரு சாணாகச் சுருங்கியது.

எத்தனையோ மாசமாக வெயில் படாத மந்தை முழுக்க ஒரே வெள்ளையாக வெயில் விழுந்தது. ஊரே கண்ணைப் பொத்திக்கொண்டது. ஆடு கத்தியது, கத்தின கத்தில் முன்காலை மடித்து விழுந்து அங்கேயே ஈன்றது. சின்னய்யா மண்வெட்டியை ஊன்றி எழுந்து, இரண்டு அடி வைத்து, "யப்பா, என்னமாச் சுடுது" என்றார். என் மகள் கல்லை விட்டுக் குதித்து ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் உள்ளங்கால் ஈரமாக, ஜில்லென்று, மண்ணுக்கு அடியில் இருந்து எடுத்தது போல இருந்தது. என் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு கொஞ்ச நாள் ஊர் என்னோடு பேசவில்லை. குழாயடியில் நான் போனால் குடத்தை இழுத்துக்கொண்டார்கள், "வெயிலாத்தா வாரா" என்று பேர் வைத்தார்கள். நான் அந்தப் பேருக்கும் திரும்பிப் பார்த்து "என்னக்கா?" என்றேன், அப்புறம் அவர்களுக்கே அலுத்துவிட்டது. அதற்குள் மரம் வளர ஆரம்பித்திருந்தது. மழை இல்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு ஆள் உயரம். மற்ற மரம் மாதிரி மேலே பார்த்து வளரவில்லை, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்த மாதிரி கிளையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு வந்தது. கட்டில் இருந்த இடத்தின் மேல் ஒரு கிளை, மொபெட் நின்ற இடத்தின் மேல் ஒரு கிளை, வெள்ளைக் கல்லின் மேல் ஒரு கிளை. சின்னய்யா தன் முகத்தை நாளுக்கு இரண்டு தடவை மழிக்க வேண்டியிருந்தது. பழைய கணக்கைத் தீர்க்கிற மாதிரி வளருது என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தாலும் மந்தைப் பக்கம் காலை வைக்கவில்லை. மைனி தினமும் போனாள், வெறுங்கையோடு மரத்துக்கு எதிரில் நின்றுவிட்டு வந்தாள். ஒருவர் அரிவாளோடு வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வெட்டினா எங்க போயிச் சேரும்னு தெரியும்ல?" என்றாள். எல்லோருக்கும் தெரிந்தது. நடுத்தெருவில் முதல் இரண்டு குடும்பங்கள் ஊரணிக்கு அந்தப் பக்கம் கொட்டகை போட்டுக்கொண்டு போனார்கள்.

எங்கள் வீட்டுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். தன்ஷிகாவின் கல்யாணத்தை இந்த முற்றத்தில் வைத்துவிட்டுக்கூடப் போகலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

ஒரு காலையில் அவள் இட்லியைக் கடித்தவள் "அம்மா!" என்று ஓடி வந்தாள். உள்ளங்கையில் பல். வாயில் ரத்தம், முகத்தில் அவ்வளவு சிரிப்பு. நான் அவளைத் தூக்கிச் சுற்றினேன். சாணியை உருட்டி அதற்குள் பல்லை வைத்து, வாசலுக்கு வந்து, கூரையைப் பார்த்து, "நல்ல பல்லு முளைக்கணும்" என்று சொல்லி இரண்டு பேருமாகக் கையைப் பிடித்து எறிந்தோம்.

ஓட்டில் விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்தோம். சத்தம் வரவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். நேற்றுச் சாயங்காலம் வரை வெறும் வானமாக இருந்த இடத்தில், எங்கள் கூரைக்கு மேலே, ஒரு கிளை வந்து நின்றது. காற்று இல்லை. அதன் நுனியில் ஒரே ஓர் இலை மட்டும் மெல்ல ஆடி நின்றது.

"அம்மா," என்றாள் தன்ஷிகா, "மரம் வாங்கிக்கிச்சு."

நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அரிவாள் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. அதைத் தொடாமல், அவளை இறக்கிவிட்டுப் பரணில் ஏறி, பாத்திரம் கட்டச் சாக்குகளைத் தேடினேன்.